தண்ணீர் முறையும் தனி வாய்க்காலும்: வன்னிக்கு ஏற்ற வலையமைப்பு எது?

வன்னியின் முல்லைத்தீவு மாவட்டத்தின் பரப்பு 2,617 சதுர கிலோமீற்றர். 2012 குடிசன மதிப்பீட்டில் அங்கே எண்ணப்பட்டவர்கள் ஏறத்தாழ 92 ஆயிரம் பேர். சதுர கிலோமீற்றருக்கு நாற்பது பேர்கூடத் தேறவில்லை. கிளிநொச்சியும் வவுனியாவும் இதைவிட நெருக்கமானவை என்றாலும் அங்கும் அந்த மதிப்பீட்டில் தொண்ணூறைச் சுற்றியே கணக்கு நின்றது. கொழும்பு மாவட்டத்திலோ அது மூவாயிரத்தைத் தாண்டிவிடுகிறது. கணினி வலையமைப்புப் பாடத்தின் முதல் சில வாரங்களில் ஒரு பாகுபாடு வந்துபோகும். இரண்டு கருவிகளை மட்டும் பிணைக்கும் இருமுனை இணைப்பு ஒன்று; ஒருவர் அனுப்புவது எல்லோர் காதிலும் விழும் பரவல் இணைப்பு மற்றொன்று. கொழும்பில் இருப்பவருக்கு இது பரீட்சைக் கேள்வி. வன்னியில் இது எத்தனை கிலோமீற்றர் கம்பி, எத்தனை கோபுரம், யாருடைய காசு என்ற கேள்வி. போக்குவரத்துத் திரளும் இடத்தில் தனி இணைப்பு வேண்டும், ஆட்கள் சிதறிக் கிடக்கும் இடத்தில் பகிர்வு வேண்டும், முறை வகுக்க ஆளில்லாத பகிர்வு எங்குமே வேண்டாம் என்பது இக்கட்டுரையின் கட்சி. இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. ஆனால் ஐம்பது ஆண்டு வலையமைப்பு வரலாற்றை இந்தக் கண்ணோடு பார்த்தவர்கள் குறைவு. வன்னியின் நிலத்தோடு பொருத்திப் பார்த்தவர்கள் அதிலும் குறைவு.

பாகுபாட்டின் அடிக்கணக்கு எளிமையானது. இருபது பாடசாலைகளை ஒன்றோடொன்று நேரடியாகப் பிணைக்க வேண்டுமானால் 190 தனி இணைப்புகள் தேவை. ஒரு நடுநிலையத்தோடு மட்டும் பிணைத்தால் இருபது போதும், ஆனால் அந்த நடுநிலையம் படுத்தால் எல்லாம் படுக்கும். இருபதையும் ஒரே ஊடகத்தில், அதாவது ஒரே கம்பியிலோ ஒரே அலைவரிசையிலோ போட்டுவிட்டால் இணைப்புகளின் எண்ணிக்கை ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. அங்கே மிச்சம் பிடித்த செலவு வேறொரு வடிவில் திரும்பி வருகிறது: யார் எப்போது பேசுவது என்று யாராவது தீர்மானிக்க வேண்டும். வன்னிக் கமக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு துருசின் கீழ் வாய்க்கால் ஒன்று, வயல்கள் பல. சிறுபோகத்தில் குளத்து நீர் குறைந்தால் தண்ணீர் முறை வைத்து விடப்படும்; முறையைக் கவனிக்க வட்ட விதானை இருப்பார். வயலுக்கொரு வாய்க்கால் வெட்டினால் வட்ட விதானைக்கு வேலை இராது, ஆனால் வயலில் பாதி வாய்க்காலாகிவிடும். இருமுனை இணைப்பு காசை இடத்தில் செலவழிக்கிறது. பரவல் இணைப்பு அதை நேரத்திலும் நிருவாகத்திலும் செலவழிக்கிறது.

வரலாறு இரண்டு முனைகளிலிருந்தும் ஏறத்தாழ ஒரே காலத்தில் புறப்பட்டது. 1969 இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் அர்பாநெற் நான்கு நிலையங்களோடு தொடங்கியபோது, நிலையங்களுக்கிடையே தொலைபேசி நிறுவனத்திடம் குத்தகைக்கு எடுத்த, செக்கனுக்கு 50 கிலோபிற் வேகமுள்ள தனித் தடங்கள் இருந்தன. எல்லாம் இருமுனை இணைப்புகள். இரண்டே ஆண்டுகளில், 1971 இல், ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நோர்மன் ஆப்ரம்சன் குழுவினர் முற்றிலும் எதிரான வழியில் அலோஹாநெற்றை இயக்கினர். தீவுகளுக்கிடையே நல்ல கம்பி கிடையாது. தரவோ தொடர்ச்சியாக ஓடுவதில்லை, விட்டுவிட்டுப் பொட்டலம் பொட்டலமாக வருவது. எப்போதாவது பேசுபவருக்கு முழுநேரத் தடம் ஒதுக்குவது வீண் என்று கண்டு, எல்லா நிலையங்களையும் ஒரே வானொலி அலைவரிசையில் பேச விட்டார்கள். முறை எதுவும் இல்லை. பேச நினைத்தவர் பேசுவார். இருவர் ஒருமிக்கப் பேசி மோதினால், பதில் வராததைக் கண்டு இருவரும் தற்செயலான ஒரு நேரம் காத்திருந்து மீண்டும் அனுப்புவர். இதில் பயன்படும் கொள்ளளவின் உச்சம் 18 சதவீதம் என்று கணக்குக் காட்டியது. நேரத்தைச் சம துண்டுகளாக வெட்டி, துண்டின் தொடக்கத்தில் மட்டும் பேசலாம் என்ற ஒரேயொரு ஒழுங்கைக் கொண்டுவந்ததும் அது 37 சதவீதமானது. கோபுரம் மாறவில்லை, அலைவரிசை மாறவில்லை. சிறு முறை ஒன்று வந்தது, பயன் இரட்டித்தது. பகிர்வின் தரம் ஊடகத்தில் இருப்பதைவிட முறையில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் துலக்கமான சான்று எனக்குத் தெரியவில்லை.

அலோஹாவின் பிள்ளைதான் ஈதர்நெற். 1973 இல் செறொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் ரொபேர்ட் மெற்காஃபும் டேவிட் பொக்ஸும் அதே எண்ணத்தை வானிலிருந்து கம்பிக்கு இறக்கினர். தடித்த கம்பி ஒன்று கட்டடம் முழுதும் ஓடும். கணினிகள் அதைக் கொத்திக்கொண்டு நிற்கும். பேசுமுன் கேள், பேசும்போதும் கேள், மோதினால் நிறுத்து. இந்த நாகரிகத்துக்கு ஒரு விலை இருந்தது. மோதல் நடந்ததை அனுப்புநர் அனுப்பி முடிக்குமுன் அறிய வேண்டும். அதனால் மிகச் சிறிய சட்டகமும் 64 பைற்றுக்குக் குறையக் கூடாது, வலையமைப்பின் நீளமும் 2.5 கிலோமீற்றரைத் தாண்டக் கூடாது. வேகம் 10 மெகாபிற்றிலிருந்து 100 ஆனதும் அந்த நீளம் 200 மீற்றரளவுக்குச் சுருங்கியது. வேகம் பத்து மடங்கு ஏறினால் எல்லை பத்திலொன்றாகும்: ஒளியின் வேகத்தோடு பேரம் பேச முடியாது. இதற்கிடையில் 1990 இல், கல்பனா என்ற, நம் காதுக்குப் பழகிய பெயர் கொண்ட அமெரிக்க நிறுவனமொன்று ஈதர்நெற் ஆளியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சுவிச் என்று எல்லோரும் சொல்லும் அந்தப் பெட்டி, பொதுக் கம்பியை ஒவ்வொரு கணினிக்கும் ஒரு தனிக் கம்பியாக உடைத்தது. 2002 இல் 10 கிகாபிற் தரம் வந்தபோது மோதலைக் கண்டறியும் விதியே கைவிடப்பட்டது. பெயர் ஈதர்நெற்றாகவே இருக்கிறது. உள்ளே அது இருமுனை இணைப்புகளின் கூட்டம்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். கம்பியில் பரவல் தோற்றுவிட்டதே, பிறகேன் இன்னும் இதைப் பேச வேண்டும்? பாடநூலிலிருந்தே எடுத்துவிடலாமே? கட்டடத்துக்குள் மட்டும் பார்த்தால் இந்த ஆட்சேபம் சரி. வீட்டு வாசலைத் தாண்டியதும் பிழை. இன்று வீடுகளுக்கு வரும் ஒளியிழை இணைப்பைப் பார்ப்போம். ஆள் ஒவ்வொருவருக்கும் பரிவர்த்தனை நிலையத்திலிருந்து தனி இழை வருகிறது என்றே பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். உலகெங்கும் பரவலாகவுள்ள ஜிபொன் தரத்தில் நிலையத்திலிருந்து புறப்படுவது ஓர் இழை. வழியில் மின்சாரமே வேண்டாத ஒரு சிறு கண்ணாடிப் பிரிப்பான் அதை 32 ஆகவோ 64 ஆகவோ பிரிக்கிறது. கீழே வரும் ஒளி எல்லா வீட்டுக்கும் போகிறது. அடுத்த வீட்டுத் தரவை உங்கள் பெட்டி குறியாக்கத்தின் காரணமாகவே வாசிக்க முடியாமலிருக்கிறது. மேலே போகும்போது ஒவ்வொரு பெட்டிக்கும் இத்தனையாவது நொடித்துணுக்கில் பேசு என்று நிலையம் முறை கொடுக்கிறது. கைத்தொலைபேசிக் கோபுரமும் அதையே செய்கிறது. வைஃபை மட்டும் நெடுங்காலம் பழைய ஈதர்நெற்றின் கேட்டுப் பேசும் நாகரிகத்தைத் தொடர்ந்தது; அதன் அண்மைத் தலைமுறைகள் அங்கும் முறை கொடுக்கும் வழியைச் சேர்த்திருக்கின்றன. ஆக, செத்தது பரவல் ஊடகம் அல்ல. வட்ட விதானை இல்லாத வாய்க்கால்தான் செத்தது.

வன்னிக்கு நெருக்கமான சான்று பாக்கு நீரிணைக்கு அப்பால் கிடைக்கிறது. சென்னை ஐ.ஐ.ரி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் 1990 களில் உருவாக்கிய கோர்டெக்ற், நடுக்கோபுரம் ஒன்றிலிருந்து ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர் ஆரத்துக்குள் இருந்த கிராமங்களுக்குத் தொலைபேசியும் 35 அல்லது 70 கிலோபிற் இணையமும் கொடுத்தது. மதுரைக்கு அருகில் மேலூர் வட்டாரக் கிராமங்களில் 2001 அளவில் அதை வைத்து இணையக் கடைகள் திறக்கப்பட்டன. கோபுரம் பொது, நேரம் பங்கு. அன்றைக்கு அது போதுமாயிருந்தது. தரவின் பசி வளர்ந்ததும் அந்த வேகத்தால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. அடுத்தது தேனி. அரவிந்த் கண் மருத்துவமனை கிராமங்களில் சிறு கண் பரிசோதனை நிலையங்களை அமைத்து, நோயாளியைத் தேனியிலுள்ள வைத்தியர் காணொளியில் பார்க்க ஏற்பாடு செய்தது. பேர்க்லி கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதற்குக் கொடுத்த கருவி கடைகளில் விற்கும் சாதாரண வைஃபை வானொலி. கோபுரத்துக்குக் கோபுரம் கூர்திசை அன்ரெனாவைத் திருப்பி வைத்து இருமுனை இணைப்பாக்கினார்கள்.

அங்கே நேர்ந்த சிக்கல்தான் இந்தக் கட்டுரைக்கு மையமானது. அன்ரெனா இருமுனையாகிவிட்டது, ஆனால் வானொலிக்குள் இருந்த விதி ஓர் அறைக்குள் பலர் பேசும் பரவல் ஊடகத்துக்கு எழுதப்பட்டது. அது ஒவ்வொரு பொதிக்கும் உடனடிப் பதிலை எதிர்பார்த்தது. பதினைந்து கிலோமீற்றர் போக அலைக்கு 50 மைக்ரோசெக்கன் வேண்டும், திரும்ப இன்னொரு 50. வைஃபையோ 9 அல்லது 20 மைக்ரோசெக்கன் துண்டுகளில் பொறுமையிழக்கும். பதில் வழியில் வந்துகொண்டிருக்கும்போதே அனுப்புநர் தோல்வி என்று முடிவுகட்டி மீண்டும் அனுப்புவார். மறுமுனை பேசத் தொடங்கியது காதில் விழுமுன் இந்த முனையும் பேசத் தொடங்கும். ஒரே கோபுரத்தில் இரண்டு அன்ரெனா இருந்தால் ஒன்று கத்தும்போது மற்றது செவிடாகும். கான்பூர் ஐ.ஐ.ரி.யில் பாஸ்கரன் ராமனும் காமேஸ்வரி செப்ரோலுவும் 2005 இல் இதற்கொரு விடை சொன்னார்கள்: ஒரு கோபுரத்திலுள்ள வானொலிகள் எல்லாம் ஒன்றாகப் பேசட்டும், பிறகு எல்லாம் ஒன்றாகக் கேட்கட்டும். பேர்க்லிக் குழு 2007 இல் வெளியிட்ட வைல்ட்நெற் அந்த வழியைத் தொடர்ந்து, கேட்டுப் பேசும் விதியைக் கழற்றிவிட்டு நேரமுறையைப் பூட்டியது; அதே கருவிகளில் கடத்துதிறன் இரண்டு முதல் ஐந்து மடங்கு கூடியது. இணைப்பு எவ்வகை என்பதை ஊடகத்தின் உருவம் மட்டும் தீர்மானிப்பதில்லை, அதன்மேல் ஓடும் விதியும் சேர்ந்தே தீர்மானிக்கிறது என்பதைத் தேனி காட்டியது. வன்னியில் இரண்டு பாடசாலைகளுக்கிடையே இரண்டு வைஃபைத் தட்டுகளைப் பூட்டிவிட்டு வேகம் வரவில்லை என்று கருவியைக் குறைசொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடமும் இதுவே.

வன்னி நிலம் வானொலிக்கு நண்பனா பகைவனா என்பதும் இணைப்பு வகையைப் பொறுத்தது. மலை இல்லை, அதனால் தேனிக்குக் கிடைத்த உயரமும் இல்லை. சமநிலத்தில் 20 கிலோமீற்றர் தொலைவுக்கு 5.8 கிகாஹேட்ஸ் அலையில் இருமுனை இணைப்பு அமைத்தால், நடுவில் பூமியின் வளைவே ஏறத்தாழ 6 மீற்றரை விழுங்கிவிடும். அலை நூல்போல் ஓடுவதில்லை; நடுவழியில் அது 16 மீற்றர் ஆரமுள்ள உருளைபோல் தடிக்கும், அதில் அறுபது சதவீதமாவது தடையின்றி இருக்க வேண்டும். அதன் மேல் பாலையும் முதிரையும் பனையும் நிற்கின்றன. எல்லாம் கூட்டிப் பார்த்தால் இரண்டு முனைகளிலும் நாற்பது மீற்றரை அண்டிய கோபுரங்கள் வேண்டும். ஊருக்கு ஊர் இது கட்டுப்படியாகாது; நகரத்துக்கு நகரம் கட்டுப்படியாகும். பரவலுக்கோ இதே சமநிலம் வரப்பிரசாதம். கொக்காவில் கோபுரத்தை எடுத்துக்கொள்வோம். அங்கிருந்த பழைய ஒளிபரப்பு நிலையம் 1990 ஜூலையில் போரில் அழிந்தது. 2011 ஜூனில் 174 மீற்றர் உயரத்தில் புதிய கோபுரம் திறக்கப்பட்டது. அந்த உச்சியிலிருந்து அலையின் அடிவானம் ஏறத்தாழ 54 கிலோமீற்றர். ஏ9 வீதியோரம் நின்றபடி அது கிழக்கே முல்லைத்தீவுக் கரையையும் தெற்கே வவுனியாவையும் எட்டிப்பார்க்கும். ஒரே இரும்புச் சட்டத்தில் வானொலி, தொலைக்காட்சிப் பரவலும் நுண்ணலை இருமுனை இணைப்பும் இடம்பிடிக்க முடியும் என்பதால், பாடநூலின் இரண்டு படங்களையும் மாணவருக்கு ஒரே இடத்தில் காட்டலாம்.

முதுகெலும்பைப் பற்றி அதிகம் வாதிட வேண்டியதில்லை. நகரங்களுக்கிடையே ஆயிரக்கணக்கானோரின் போக்குவரத்துத் திரண்டு ஓடும். அங்கே எப்போதும் யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள். பகிர்வினால் மிச்சமாகும் வெற்று நேரமே அங்கே இல்லை. ஒளியிழை இருமுனை இணைப்புத்தான் விடை. ஆனால் எதிர்வாதம் ஒன்று உண்டு, அது கனமானது. இருமுனைத் தடம் ஒற்றை நூல். ஒரு மண்வெட்டி போதும் அறுக்க. யாழ்ப்பாணக் குடாநாடு முழுதும் தெற்கோடு தொடர்புகொள்ள ஏ9 என்ற ஒரே பாதையை நம்பியிருந்தால் என்னவாகும் என்பதை வீதி மூடப்பட்ட காலங்களைக் கண்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பரவல் ஊடகத்தில் ஒரு நிலையம் கெட்டாலும் மற்றவை பேசிக்கொண்டிருக்கும். இந்த வாதத்தை ஏற்கிறேன், அதன் முடிவை ஏற்கவில்லை. ஒற்றை நூலுக்கு மருந்து பரவல் அல்ல, வளையம். வன்னியின் வீதிகள் அதற்கென்றே போட்டது போலக் கிடக்கின்றன. மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான், முள்ளியவளை வழியாக ஏ34 முல்லைத்தீவுக்குப் போகிறது. பரந்தனிலிருந்து விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியாக ஏ35 அதே முல்லைத்தீவுக்கு வருகிறது. மாங்குளத்தையும் பரந்தனையும் ஏ9 இணைக்கிறது. மூன்று பக்கமும் இழை இருந்தால் எந்தப் பக்கம் அறுந்தாலும் தரவு மறுபக்கத்தால் போகும். மூன்று இருமுனைத் தடங்கள் சேர்ந்து தரும் உறுதியை, எந்தவொரு பொது அலைவரிசையாலும் அந்த வேகத்தில் தர முடியாது.

வீதியிலிருந்து வீட்டுக்கு வரும்போது கணக்குத் தலைகீழாகிறது. ஒரு குடியேற்றத் திட்டத்தில் வீட்டுக்கு வீடு நீண்ட வளவு. ஆளுக்கொரு தனி இழை கொடுத்தால் ஒரு வீட்டுக்கான செலவு நகரத்தைப்போல் பல மடங்காகும். ஜிபொன் தரத்தில் கீழ்நோக்கிய கொள்ளளவு 2.488 கிகாபிற். 32 வீட்டாரும் ஒரே கணத்தில் உச்சமாக இழுத்தாலும் ஆளுக்கு 77 மெகாபிற் கிடைக்கும். அப்படி எல்லோரும் ஒரே கணத்தில் இழுப்பது அரிது. சாதாரண மாலையில் ஒருவருக்கு அதன் பல மடங்கு கிடைக்கும். தனித்தனியாகக் கொடுத்தால் கிடைக்காத சுகம் இது: அயலவர் தூங்கும்போது அவர் பங்கும் உங்களுக்கு. தொலைவும் தடையாகாது. 32 ஆகப் பிரிப்பதில் ஏறத்தாழ 17 டெசிபெல் போகும். தரம் அனுமதிக்கும் 28 இல் பொருத்துகளுக்கு மூன்றைக் கழித்தாலும் எட்டு மிஞ்சும். அந்த எட்டில் இருபது கிலோமீற்றர் இழையை இழுக்கலாம். கிளிநொச்சி நகரிலிருந்து இருபது கிலோமீற்றர் என்பது எத்தனை குளங்களைத் தாண்டும் என்று வாசகர் தாமே எண்ணிப் பார்க்கலாம். இழை போகாத இடங்களுக்குக் கோபுரத்திலிருந்து முறை வகுத்துக் கொடுக்கும் வானொலி இருக்கிறது, அதுவும் பகிர்வே.

செய்மதி வந்துவிட்டதே, இத்தனை கணக்கும் எதற்கு என்று கேட்பவர்கள் 2025 ஜூலைக்குப் பிறகு அதிகமாகியிருக்கிறார்கள்; ஸ்ரார்லிங்க் சேவை இலங்கையில் தொடங்கிய மாதம் அது. ஏறத்தாழ 550 கிலோமீற்றர் உயரத்தில் பறக்கும் அந்தச் செய்மதிகள் தனிக் கம்பி போடுவதில்லை. ஒரு கற்றைக்குள் இருக்கும் எல்லோரும் ஒரே கொள்ளளவைப் பங்கிடுகிறார்கள். இதில் வன்னிக்கு ஒரு வாய்ப்பிருக்கிறது என்பதையும் மறைக்கக் கூடாது: ஆட்கள் குறைந்த இடத்தில் பங்காளிகள் குறைவு, ஆகவே ஒருவரின் பங்கு பெரிது. ஐதான குடித்தொகை கம்பிக்கு வினையாகவும் செய்மதிக்கு வரமாகவும் அமைவது பரவல் இணைப்பின் இயல்பிலிருந்தே வருகிறது. ஆனால் கருவியின் விலையும் மாதக் கட்டணமும் ஒரு கமக்காரக் குடும்பத்துக்கு எட்டும்வரை, அது காட்டோரத்து வைத்தியசாலைக்கும் கடற்கரைப் பாடசாலைக்கும் உரிய மாற்றுவழியாக இருக்கலாம், ஊருக்கு உரிய வழியாக இராது.

இதுவரை பரவலைச் செலவு குறைக்கும் உபாயமாகவே பார்த்தோம். ஒரே ஓரிடத்தில் அது உபாயமல்ல, தேவையே அதுதான். 2004 டிசெம்பர் 26 காலை முல்லைத்தீவுக் கரைக்குக் கடல் ஏறியபோது எச்சரிக்கை எதுவும் வரவில்லை. 2018 டிசெம்பர் பிற்பகுதியில் இரணைமடுக் குளம் நிரம்பிக் கதவுகள் திறக்கப்பட்டபோது கீழேயிருந்த ஊர்களுக்கு ஒரே செய்தி ஒரே நேரத்தில் போக வேண்டியிருந்தது. குறுஞ்செய்தி இருமுனை இயல்புடையது: ஒவ்வொரு இலக்கத்துக்கும் தனித்தனியாகப் போகும், வரிசையில் நிற்கும், இலக்கம் பட்டியலில் இல்லாதவருக்குப் போகவே போகாது. தமிழில் எழுதினால் ஒரு குறுஞ்செய்திக்கு 70 குறியீடுகள் மட்டுமே, ஆங்கிலத்துக்கு 160. ‘கி’ என்று எழுதினால் அதுவே இரண்டு குறியீடு. கலப் பரவல் என்ற முறையில் கோபுரம் ஒருமுறை சொல்லும், அதன் எல்லைக்குள் நிற்கும் எல்லாத் தொலைபேசியும் கேட்கும். பத்துப்பேர் இருந்தாலும் பத்தாயிரம் பேர் இருந்தாலும் சுமை ஒன்றே. டயலொக் நிறுவனம் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 2009 இல் அறிமுகப்படுத்திய பேரிடர் எச்சரிக்கை ஏற்பாட்டில் இந்த வழியும் அடங்கியிருந்தது. சாதாரண வானொலியையும் பழையதென்று தள்ளக் கூடாது. யுனெஸ்கோ ஆதரவில் 1990 களின் இறுதியில் கொத்மலைச் சமூக வானொலி, நேயர் கேட்ட கேள்விக்கு இணையத்தில் விடை தேடி ஒலிபரப்பியது. வெளியுலகிலிருந்து ஓர் இணைப்பு, ஊருக்குள் ஒரு பரவல். எது எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருந்தது.

பரவலில் இரகசியம் இராது என்ற ஆட்சேபத்துக்குச் சுருக்கமாக விடை சொல்லலாம். நுண்ணலை இருமுனைக் கற்றையும் மறுகோபுரத்தோடு நின்றுவிடுவதில்லை, அதைத் தாண்டிச் சிந்துகிறது. இழையையும் இடையில் தட்டலாம். இரகசியம் இணைப்பின் வகையில் இல்லை, முனைக்கு முனை போடும் குறியாக்கத்தில் இருக்கிறது. வன்னியில் தொலைபேசி பேசுபவர்களுக்கு இந்த எச்சரிக்கை இயல்பாகவே உண்டு.

எஞ்சுவது வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கும் மாவட்டச் செயலகங்களுக்கும் உரிய ஒரு வேண்டுகோள். இழை புதைக்கும் செலவில் பெரும்பங்கு இழைக்கு அல்ல, நிலம் கிண்டுவதற்குப் போகிறது. ஏ34 வீதியையும் ஏ35 வீதியையும் அடுத்த முறை அகலிப்பதற்கோ தண்ணீர்க் குழாய் போடுவதற்கோ கிண்டும்போது, ஓரமாக ஒரு வெற்றுக் குழாயையும் சேர்த்துப் புதைத்துவிடுங்கள். அதற்குள் இழையை யார் விடுவது, எப்போது விடுவது என்று பிறகு பேசிக்கொள்ளலாம்.